கெட்டிக் கல்

சீடருக்கு வயது ஐம்பத்தாறு. குருவுக்கு முப்பத்தொன்பது. சீடர் குருவை "மேடம்" என்பார், குரு சீடரை "சார்" என்பார்.

சீடர் டாக்டர் தாணுமாலயன். இருபத்தைந்து வருடம் கத்தியால் கிழித்துச் சிறுநீரகக் கல் எடுத்தவர். நாகர்கோவில் பக்கம் கைராசிக்காரர் என்று பேர். கிழிக்காமல் லேசரால் கல்லை உடைக்கும் காலம் வந்த பிறகு அந்தக் கைராசியைத் தேடி யாரும் வரவில்லை. அதனால் திருநெல்வேலியில் டாக்டர் ரெஜினாவிடம் கற்றுக்கொள்ள வந்தார்.

ஆறாவது வாரம் ரெஜினா ஒரு கேஸை அவரிடம் விட்டார். நோயாளி பேச்சியம்மாள், ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவர். சிறுநீர்க் குழாயில் ஒரு கல்.

"அரை ஜூல், பத்து. தண்ணி ஓடிட்டே இருக்கணும் சார்," என்று சொல்லிவிட்டு ரெஜினா பக்கத்து அறையில் இன்னொரு ஆபரேஷனுக்குப் போனார்.

முதல் எண் ஒவ்வொரு அடியின் வலு. இரண்டாவது, நொடிக்கு எத்தனை அடி. உள்ளே ஓடவிடும் தண்ணீர், லேசரின் சூட்டை அள்ளிக்கொண்டு போவதற்கு.

கல் மெதுவாகத்தான் உடைந்தது. தண்ணீரின் வேகத்தில் மேலே மேலே நகரவும் செய்தது. நர்ஸ் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் மணி பார்த்தாள், அவ்வளவுதான். தாணுமாலயனுக்குச் சுருக்கென்றது. தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். ஒன்றரை ஜூல், முப்பது என்று ஏற்றச் சொன்னார்.

மூன்று நிமிடத்தில் கல் பொடியானது. திரையில் பார்த்தால், குழாயின் சுவர் வெந்து வெளுத்துக் கிடந்தது. புண் ஆறும்வரை அடைக்காமல் இருக்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார். குறிப்பில் 'கல் மிகக் கெட்டி' என்று எழுதினார்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனார். பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார்.

"கல்லு ரொம்பக் கெட்டின்னு நர்ஸம்மா சொன்னாவ. ஒங்களுக்குத்தான் சங்கடம். எல்லாம் என் தப்பு சார். கடையில தண்ணியே குடிக்க மாட்டேன். பாத்ரூம் நாலாவது மாடியில இருக்கு. அடிக்கடி போனா மேனேஜர் ஏசுவாரு."

"இனிமே நெறைய தண்ணி குடிக்கணும்மா," என்றார் தாணுமாலயன்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. தண்ணீரைக் குறைத்தவர் புத்தி சொல்கிறார்.

"இந்தக் குழாய எடுத்த பொறவு நான் வர வேண்டாம்லா சார்? லீவு தர மாட்டாவ."

வெந்த இடம் பிறகு சுருங்கலாம். சுருங்கினால் வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகும். மாதக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏன் என்று தெரியாவிட்டால் பேச்சியம்மாள் வரமாட்டார். இதெல்லாம் தாணுமாலயனுக்குத் தெரியும்.

"பாக்கலாம்மா," என்று சொல்லி நழுவினார்.

நேராக ரெஜினாவிடம் போனார். போனவர் நடந்ததைச் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார்.

"மேடம், கெட்டிக் கல்லுக்கு எவ்வளவு வைக்கணும்?"

"நேத்து எவ்வளவு வச்சீங்க சார்?"

"ஒன்றரை. முப்பது."

"தண்ணி?"

அவர் தரையைப் பார்த்தார். "கொறச்சுட்டேன்."

ரெஜினா அவரைப் பயிற்சி அறைக்கு அழைத்துப் போனார். சுண்டுவிரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதற்குள் பழைய கல் ஒன்றைப் போட்டு, மூன்று மில்லி தண்ணீர் விட்டார். லேசர் நுனியை உள்ளே இறக்கினார். இருவரும் லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள்.

"குழாய உள்ளங்கையில வச்சு மூடிக்கோங்க சார். நான் நிறுத்துற வரைக்கும் விடக்கூடாது."

ஒன்றரை, முப்பது என்று வைத்து ரெஜினா பெடலை மிதித்தார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெதுவெதுப்பு. பிறகு தாணுமாலயன் பல்லைக் கடித்தார். அதற்குப் பிறகு கையை உதறிவிட்டார். ரெஜினா பெடலிலிருந்து காலை எடுத்தார். குழாய் உருண்டு மேஜைக்கு அடியில் போனது.

"எத்தன செகண்ட் சார்?"

"பத்து இருக்கும்."

"நேத்து?"

அவர் சிவந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூணு நிமிஷம்," என்றார். "அவங்க மயக்கத்துல இருந்தாங்க."

ரெஜினா கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகமும் வாடியிருந்தது.

"நேத்து உங்கள விட்டுட்டுப் போனது நான். வாங்க, ரெண்டு பேருமாப் போவோம்."

வார்டு வாசலில் தாணுமாலயன் நின்றுவிட்டார். உள்ளே பேச்சியம்மாள் சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க என்னைக் கும்பிட்டாங்க மேடம். நான் போய் என்னன்னு சொல்றது?"

"பத்து செகண்ட்ல ஏன் கைய உதறுனீங்கன்னு சொல்லுங்க சார்."