எதிரில் அமர்ந்தவர்

பியோ ஜுன்மோவின் குரலைக் கேட்டுத்தான் சியோல் நகரத்தில் பலருக்கும் பொழுது விடியும். இருபது ஆண்டுகள் அரசியல் நிருபராக இருந்தவர். நாடாளுமன்ற வாசலில் மழையிலும் பனியிலும் காத்துக் கிடந்தவர். பிறகு வானொலியில் காலை நேர அரசியல் நிகழ்ச்சியை நடத்த வந்தார். அமைச்சர்கள் அவர் எதிரில் உட்காரப் பயந்தார்கள். வராமல் இருக்க அதைவிடப் பயந்தார்கள்.

ஒரு பின்பனிக் காலத்தில் அவர் மலையில் இருக்கும் பெண் துறவிகளின் மடத்துக்குப் போனார். ஹேவொன் சுனிம் அங்கே தலைமைத் துறவி. துறவிகளை அந்நாட்டில் சுனிம் என்றுதான் அழைப்பார்கள். அவர் ஜுன்மோவைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனம் கலங்கும்போதெல்லாம் ஜுன்மோ அவரைத்தான் தேடி வருவார்.

சுனிம் சமையற்கட்டில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆளும் கட்சி என்னைத் தேர்தலில் நிற்கச் சொல்கிறது. இந்த மாதத் தொடக்கத்தில் கூப்பிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்" என்றார் ஜுன்மோ.

"போக ஆசையா?"

"கேள்வி கேட்டுக் கேட்டே அலுத்துவிட்டது, சுனிம். பள்ளிக்கூடம் இடிந்ததைக் கேட்டேன், ஆலையில் ஆள் செத்ததைக் கேட்டேன். மறுவருஷமும் அதையேதான் கேட்டேன். ஒரு தடவையாவது நானே ஏதாவது செய்துபார்க்க வேண்டாமா? போகலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்."

சுனிம் கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்போது நான்தான் பியோ ஜுன்மோ. உங்கள் நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறேன். கேளுங்கள்."

ஜுன்மோ சிரித்தார். ஆனால் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. நிகழ்ச்சியில் கேட்பதுபோலவே கேட்கத் தொடங்கினார்.

"கட்சி உங்களை எப்போது அழைத்தது?"

"மாதத் தொடக்கத்தில்."

"மறுத்தீர்களா?"

"யோசித்துச் சொல்கிறேன் என்றேன்."

"அதற்குப் பிறகும் நிகழ்ச்சி நடத்தினீர்களா?"

"தினமும் நடத்தினேன்."

"அந்தக் கட்சிக்காரர்கள் யாராவது வந்தார்களா?"

"வராமல் இருப்பார்களா?"

"அவர்களை எப்போதும்போலத்தான் கேட்டீர்களா?"

ஜுன்மோ காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்தால் எதிரில் இருப்பவர் பேசியே ஆக வேண்டும் என்று நாட்டுக்கே தெரியும்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சுனிம். "இதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது."

ஜுன்மோவின் முகம் சிவந்தது. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒருவரிடம் மென்மையாக நடந்துகொண்டேன்" என்றார் கடைசியில். "வேண்டுமென்றே இல்லை. கேள்வி வாய்வரை வந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்."

சுனிம் மறுபடி முள்ளங்கியை எடுத்தார். போகலாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நிகழ்ச்சி தொடங்கியதும் ஜுன்மோ செய்திகளுக்குப் போகவில்லை. கட்சி தன்னை அழைத்ததைச் சொன்னார். அதை மறைத்துக்கொண்டு இத்தனை நாள் மைக் முன்னால் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். யாரிடம், எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார் என்பதையும் சொன்னார். "எந்தக் கட்சிக்கும் நான் போகவில்லை. நேயர்களே, என்னை மன்னியுங்கள்" என்றார்.

அன்று மாலையே நிலையம் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கியது. அழைத்த கட்சிக்காரர்கள் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அவரைக் கேலி செய்து படம் போட்டார்கள். அவருடைய மனைவி மட்டும், "இன்றைக்காவது நன்றாகத் தூங்குங்கள்" என்றாள்.

வசந்தத்தில் அவர் மீண்டும் மலைக்கு வந்தார். இளைத்திருந்தார்.

"நான் செய்தது தப்பில்லை, அது தெரிகிறது" என்றார். "ஆனால் காலையில் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது, சுனிம். எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கேட்கத்தான் எனக்குத் தெரியும். இனி நான் யாரைக் கேட்பேன்?"

சுனிம் அவருக்குத் தேநீர் ஊற்றினார். "ஏன் இவ்வளவு தாமதம்?"

"பேருந்து சுற்றுவழியில் வந்தது. பழைய பாதையில் பாலம் இல்லையாம், போன மழையில் போய்விட்டதாம். மேல் ஊரில் இருக்கும் வயசானவர்கள் ஓடையில் இறங்கித்தான் நடந்து வருகிறார்களாம். ஒரு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். பாலத்துக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்று பலகை மட்டும் வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கவே இல்லை."

"இதெல்லாம் யார் சொன்னது?"

"ஓட்டுநர். நான் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை மாதத்தில் ஒருவர்கூட அவரிடம் இதைக் கேட்டதில்லையாம்." ஜுன்மோவின் குரலில் பழைய வேகம் வந்திருந்தது. "ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்பதற்குள் மடத்து நிறுத்தம் வந்துவிட்டது."

சுனிம் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மெதுவாகக் குடியுங்கள்" என்றார். "நீங்கள் திரும்பிப் போகும் நாலு மணி வண்டியையும் அவர்தான் ஓட்டுகிறார்."