தாழ்ப்பாள் இருந்த பக்கம்

சவேரிக்கு நடந்த அநியாயம் இதுதான்: செத்த பிறகு அவனைத் தூங்குமூஞ்சி ஆக்கினார்கள்.

செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டான் அல்லவா? அந்தத் துணிச்சல்தான்.

ஒரு விடியற்காலையில் ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு, படகை அதன் கட்டுமிடத்துக்குத் தனியாக ஓட்டிப் போனான் சவேரி. படகு அலைத்தடுப்புக் கற்களில் போய் மோதியது. சுக்கான் சங்கிலி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவன் முதலாளி ரெமிஜியுஸிடம் மூன்று முறை சொல்லியிருந்தான். மீனவர் சங்கக் கூட்டத்தில் ரெமிஜியுஸ் சங்கிலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "கேபின் கதவைச் சாத்திட்டு உள்ள தூங்கிட்டான்" என்றார். பார்த்தவர் யாரும் இல்லை. பேசியவர் ஒருவர் இருந்தார். அதனால் அவர் பேசியதே நடந்தது என்று ஆயிற்று.

அந்த ஊரில் கல்லறைத் திருநாள் அன்று மாலை, கடலில் போனவர்களின் பெயர்களைச் சங்கத்தார் கரையில் நின்று வாசிப்பார்கள். தன் கவனக்குறைவால் செத்தவன் பெயர் அதில் வராது. சவேரியின் பெயர் ஒரு வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை.

அவன் மனைவி அமலோற்பவத்துக்கு வேண்டியது அந்த ஒரு பெயர்தான். அதை யாராவது ஒருமுறை சத்தமாக வாசித்தால் போதும்.

நாற்பத்தேழு வயதில் அவள் செபத்தியின் படகுக் கொட்டகையில் வேலை பழகச் சேர்ந்தாள். படகு செய்கிறவரை அங்கே ஓடாவி என்பார்கள். ஊரில் பெண் ஓடாவி செபத்தி ஒருத்திதான். அவளுக்கு முப்பத்தொரு வயது. மூத்த சிஷ்யை குருவை "நீங்க" என்பாள். இளைய குரு சிஷ்யையை "அக்கா" என்பாள்.

செபத்தியிடம் கேள்வி கேட்டால் பதில் வருவது அபூர்வம். பெரும்பாலும் உப்புத்தாள்தான் கைக்கு வரும்.

"தேய்ச்சது போதும்னு எப்படித் தெரியும், ஓடாவி?"

செபத்தி அவள் உள்ளங்கையைப் பிடித்துப் பலகை மேல் வைத்தாள். அவ்வளவுதான் பாடம்.

"வாய்க்கு வார்னிஷ் அடிச்சு வச்சிருக்கியளா?"

"ரெண்டு கோட்டு" என்றாள் செபத்தி.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழைய சாமான் வந்தாலும் ஒரு நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்து நிற்கும். பார்க்கலாம். தொடக் கூடாது.

ஐப்பசியில் அந்தக் கதவு வந்தது. ரெமிஜியுஸ் படகை விற்கப் போகிறார். விபத்தன்றே கழற்றித் தார்ப்பாயில் சுற்றித் தன் கிட்டங்கியில் போட்டிருந்த கேபின் கதவை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

"புதுசு மாதிரி ஆக்கணும், செபத்தி. வாங்குறவன் முகம் சுளிக்கக் கூடாது."

அமலோற்பவம் நின்ற பக்கம் அவர் திரும்பவில்லை.

செபத்தி கதவின் ஒரு பக்கத்தைப் பார்த்தாள். திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை திருப்பினாள். பிறகு அமலோற்பவத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நான் மரம் பார்க்கப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன். அதுவரைக்கும் இதைப் பாருங்க. ரெண்டு பக்கமும் பாருங்க. கை வைக்காதீய."

எப்படிப் பார்ப்பாள்? இரண்டு வருடமாக ஊர் வாயில் சாத்திக்கிடக்கிற கதவு இது. ஒரு பக்கம் நீலப் பெயிண்ட் இன்னும் மினுமினுப்பாக இருந்தது. மறுபக்கம் வெயிலில் வெடித்து, உப்பு தின்று, நரைத்துக் கிடந்தது. அந்த நரைத்த பக்கத்தை மேலே வைத்துக் கிடத்தினாள். அதிலிருந்த துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றித் தகர டப்பாவில் எறிந்தாள். சுரண்டியை எடுத்தாள்.

ரெமிஜியுஸின் பேச்சைச் சுரண்டுவதாக நினைத்துக்கொண்டே சுரண்டினாள். பிறகு உப்புத்தாள் போட்டாள். மறுநாள் மதியத்துக்குள் அயினி மரம் பொன்னிறமாக வெளியே வந்துவிட்டது. அவள் இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அது.

சாயங்காலம் செபத்தி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"இது எந்தப் பக்கம்கா?"

"வெளிப்பக்கம். வெயில் பட்ட பக்கம்."

செபத்தி தகர டப்பாவிலிருந்து தாழ்ப்பாளை எடுத்துச் சுரண்டிய மரத்தில் இருந்த திருகாணி ஓட்டைகளின் மேல் வைத்தாள். பொருந்தியது. கதவைப் புரட்டினாள். சிஷ்யையின் விரலைப் பிடித்து, நீலப் பக்கத்தில் இருந்த நாதாங்கியின் மேல் வைத்தாள்.

"பூட்டு போடுறது இந்தப் பக்கம்லா..." என்றாள் அமலோற்பவம்.

"ஆமா."

"அப்போ நீலம்தான் வெளிப்பக்கம்."

"ஆமா."

"உள்பக்கத்துல எப்படி வெயில்..."

அவள் கதவை மறுபடி புரட்டினாள்.

அந்தக் கதவு வெளியே திறந்து, கேபின் சுவரோடு சாய்ந்து, ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். அப்படி நின்றால் வெளிப்பக்கம் சுவரைப் பார்த்து ஒளிந்துகொள்ளும். தாழ்ப்பாள் இருக்கிற உள்பக்கம்தான் வெயிலையும் உப்புக்காற்றையும் வாங்கும். ஏழு வருடம் சவேரி அந்தப் படகை ஓட்டினான். ஏழு வருடமும் கதவு திறந்தே நின்றிருக்கிறது.

வீட்டிலும் அவன் அப்படித்தான். சாரல் உள்ளே அடித்தாலும் கதவைச் சாத்த விட மாட்டான். "மூச்சு முட்டுது, புள்ள" என்பான்.

அமலோற்பவம் தரையில் உட்கார்ந்து சாம்பல் நிறத் தூளைக் கூட்டி அள்ளினாள். ஒரு கை அளவு இருந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சங்கத்துக்குத் தூக்கிப் போனார்கள். அமலோற்பவம் எல்லாவற்றையும் சொன்னாள். தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எப்பவும் திறந்தே வச்சிருந்தான்னு வச்சுக்குவோம். அன்னைக்கு ஒருநாள் சாத்தியிருக்கலாம்லாம்மா?"

"சாத்தியிருக்கலாம். சாத்தினதை யாரு பார்த்தா?"

ரெமிஜியுஸ் எழுந்தார்.

"உள்பக்கம் நரைச்சுக் கிடந்துச்சுங்கியே, எங்க? காட்டு."

அவள் கதவைத் திருப்பினாள். புது மரம் பளபளத்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"நான் பார்த்தேன்" என்றாள் செபத்தி. "தாழ்ப்பாள் இருந்த பக்கம்தான் நரைச்சிருந்துச்சு."

"உன்கிட்ட வேலை பார்க்கிறவதானே. நீ வேற எப்படிச் சொல்லுவ?" என்றார் ரெமிஜியுஸ்.

ஊரில் படகு மரத்தை அவளைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. இருந்தும் அவள் சொல் எடுபடவில்லை.

தலைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சுரண்டினது யாரும்மா?"

"நான்தான்."

அதோடு கூட்டம் முடிந்தது.

கல்லறைத் திருநாள் அன்று மாலை அமலோற்பவம் கரைக்குப் போனாள். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை கேட்டாள். வாசித்தவர் தாளை மடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள்.

கதவு வேலை பாக்கி இருந்தது. ஒப்புக்கொண்ட வேலை. மழைக்கு நடுவே வெயில் வந்த நாட்களில், தான் சுரண்டிய பக்கத்துக்குத் தானே வார்னிஷ் பூசினாள். ஒரு கோட்டு காய்ந்ததும் மெல்லத் தேய்த்து அடுத்த கோட்டு. ஆறு கோட்டு. பூசப் பூச மரம் அழகாகிக்கொண்டே போனது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நீலப் பக்கத்தைச் செபத்தி பூசினாள்.

படகில் கதவைப் பொருத்திய அன்று நல்ல வெயில். கீலில் மாட்டியதும் அமலோற்பவம் அதை அகலத் திறந்து சுவரோடு சாய்த்துக் கொக்கியை மாட்டினாள். உள்ளே போய்ச் சவேரி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். திறந்த கதவு வழியே கரை தெரிந்தது. அவன் இருந்த காலத்தில் அவள் மீன் காயப்போட்ட மணல் தெரிந்தது.

செபத்தி திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் அமலோற்பவம். ஒரு வருடத்தில் முதல் தடவையாக "நீ" என்று வந்தது.

"ஆட்டோவுல இருந்து இறக்கி, திருப்பினப்பவே."

"தெரிஞ்சுமா எங்கிட்ட விட்டுட்டுப் போனே? மரம் என்ன மரம், ஒருநாள் கழிச்சுப் பார்த்தா ஓடியா போயிரும்? ஒரு வார்த்தை. 'உங்க புருஷன் கதவைச் சாத்தலை'ன்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா இன்னைக்கு அவர் பேரு அந்தத் தாள்ல இருந்திருக்கும். ஏன் சொல்லலை?"

செபத்தி கையிலிருந்த திருகாணிகளை டப்பாவில் போட்டாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு வருஷமா அவரைப் பத்தி ஊரே உங்களுக்குச் சொல்லிட்டு இருந்துச்சுக்கா. இதை ஒண்ணையாவது நீங்களே பார்க்கட்டும்னு நினைச்சேன்."