மீசையை முறுக்கிய விரல்

வேப்பங்காட்டு ஜமீன்தார் ரெங்கப்பருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, கூடத்தில் நிற்கும் ஆளுயர நிலைக்கண்ணாடி. இன்னொன்று, விளக்கெண்ணெய் விட்டு வளர்த்த மீசை. எதற்குத் தீர்ப்புச் சொல்வதானாலும் முதலில் மீசையை ஒரு முறுக்கு முறுக்குவார், பிறகுதான் வாயைத் திறப்பார்.

வேலைக்காரி மூக்கம்மா பழைய செய்தித்தாளைக் கசக்கி, கண்ணாடியைத் தேய் தேய் என்று தேய்த்து முடித்தாள். ஜமீன்தார் வந்தார். மீசையை முறுக்கினார். அதே விரலைக் கண்ணாடியில் வைத்து இழுத்தார். பளபளவென்று ஒரு கோடு!

"இதுதான் நீ துடைச்ச லட்சணமா? நாளைக்குச் சம்பந்தி வர்றாரு. ஒரு கோடு தெரிஞ்சாலும் தோட்டத்துக் குடிசையைக் காலி பண்ணிட்டுக் கிளம்பு!"

மூக்கம்மா கோட்டைப் பார்த்தாள், அவர் விரலைப் பார்த்தாள். "சரிங்க எசமான்" என்றாள்.

மறுநாள் சம்பந்தி வந்ததும் ஜமீன்தாரின் கை மீசைக்குப் போனது. மூக்கம்மா முந்திக்கொண்டாள்.

"எசமான், நம்ம வீட்டுப் பெருமையை நாமளே சொல்லிக்கலாமுங்களா? சம்பந்தி ஐயா தொட்டுப் பார்க்கட்டும்."

மழுங்கச் சிரைத்த முகத்துச் சம்பந்தி கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தார். கீச்சென்று சத்தம்தான் வந்தது, கோடு வரவில்லை.

"என் கண்ணுக்குத் தப்புமா?" என்று ஜமீன்தார் மீசையை முறுக்கி, தானும் இழுத்தார். பளபளவென்று ஒரு கோடு.

சம்பந்தி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். மூக்கம்மா இன்னொரு தாளைக் கசக்கி ஜமீன்தாரிடம் பணிவாக நீட்டினாள்.

"கண்ணாடியை நான் துடைச்சுட்டேனுங்க. மீசையை எசமான்தான் துடைச்சுக்கிடணும்."