வரிசையில் இடமில்லாத வாத்து

ஆவாரங்குளத்தில் தூவி என்ற வரித்தலை வாத்துக்கு நடந்தது பச்சை அநியாயம். அவளுடைய சொந்தக் கூட்டமே அவளைக் குளத்தில் விட்டுவிட்டுப் பறந்து போய்விட்டது!

அந்த வாத்துகள் பனிக்காலத்தில் இந்தக் குளத்துக்கு வரும். வெயில் ஏறத் தொடங்கியதும் பனிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேற்று தேசத்துக்குப் பறந்துவிடும். வரிசையாகத்தான் பறக்கும். முன்னால் போகிற வாத்தின் சிறகு கிளப்பும் காற்றில் பின்னால் வருகிற வாத்து சாய்ந்துகொள்ளலாம். களைப்பு தெரியாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். பெண் வாத்து என்றால் அப்பாவுக்குப் பின்னால் பறக்க வேண்டும், இல்லாவிட்டால் அண்ணனுக்குப் பின்னால், இல்லாவிட்டால் புருஷனுக்குப் பின்னால்!

அப்பா இல்லாத தூவி, வரிசையின் கடைசியில், அண்ணனுக்குப் பின்னால் பறந்து வந்தவள். இந்தப் பனிக்காலத்தில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று.

அந்த வருஷம் அனல்காற்று முன்னதாகவே வீசியது. "இன்றைக்கே கிளம்புகிறோம்!" என்றார் தலைவர் நெடுங்கழுத்தார். தூவி வழக்கமான இடத்தில் போய் நின்றாள்.

"அங்கே ஏன் நிற்கிறாய்? அது இனிமேல் உன் அண்ணியின் இடம்!" என்று அதட்டினார் தலைவர்.

"சரி, நான் அண்ணிக்குப் பின்னால் வருகிறேன்."

"பெண்ணுக்குப் பின்னால் பெண்ணா? முறையே இல்லை!"

"அப்படியானால் எல்லாருக்கும் முன்னால் பறக்கிறேன்!"

கூட்டமே கெக்கலி கொட்டிச் சிரித்தது.

"உனக்கு வழி தெரியுமா?" என்றார் நெடுங்கழுத்தார். "உன் அண்ணன் வாலைத் தவிர வேறென்ன பார்த்திருக்கிறாய்? பேசாமல் இங்கேயே இரு. அடுத்த பனிக்காலத்தில் வந்து பார்க்கிறோம்."

தூவி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தண்ணீரைப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் வானத்தில் ஒரு வாத்துகூட இல்லை.

குளத்தில் தூவிக்கு ஒரு சிநேகிதி உண்டு. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைப் பட்டை போட்ட நாமக்கோழி. அது நீந்தி வந்து, "அழுதுடாதேடி" என்றது.

"அழவா? நான் எதற்கு அழ வேண்டும்? நானும் போகப் போகிறேன். தனியாக!"

"போய்த்தான் ஆகணும். கோடையில் இந்தக் குளம் வற்றிடும். நான் ஆற்று மடுவுக்குப் போயிடுவேன். இந்த வெயில் உனக்கு ஆகாது. தண்ணியும் இல்லைன்னா நரி வாயில்தான் போவே. ஆனா எப்படிடி தனியா?"

அந்த 'எப்படி'க்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு கேள்வி வைத்திருந்தார்கள்.

"முதுகில் வீடு இல்லாமல் வெளிதேசமா? எங்கே தங்குவாய்?" என்றது ஆமை.

"அங்கே பேசுகிற பாஷை தெரியுமா?" என்றது காகம்.

"போன வருஷம் அங்கேதானே பேசிக்கொண்டிருந்தேன்!" என்றாள் தூவி.

கடைசியாகக் கரைக்கு வந்தது நரி. அதன் குரலில் தேன் ஒழுகியது.

"ஐயோ, பெண்பிள்ளை தனியாகவா? காலம் கெட்டுக் கிடக்கிறதே! சரி, போவது என்று ஆகிவிட்டால் நன்றாகத் தயாராகிப் போ, தங்கச்சி. சாய்ந்துகொள்ள உனக்கு முன்னால் யாரும் இல்லை. கூட்டத்தோடு போகிறவர்களைவிட அதிகக் கொழுப்பு வேண்டாமா? சாப்பிடு! பறந்து பறந்து பலத்தை வீணாக்காதே!"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தூவி கரைப்புல்லை மேய்ந்தாள். அறுத்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கினாள். சிறகை மட்டும் விரிக்கவே இல்லை.

"கிளம்பட்டுமா, நரியண்ணா?"

"இன்னும் கொஞ்சம் சதை போடட்டும், தங்கச்சி. வழியில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது?"

"இப்போது?"

"காற்று சரியில்லையே! முழுசாகத் தயாராகிவிட்டுப் போகலாம். அவசரம் என்ன?"

நாமக்கோழிக்குப் பொறுக்கவில்லை. "நீ போறதுக்கு அவன் ஏன்டி இவ்வளவு அக்கறைப்படறான்? உன் வயிற்றையே பார்க்கிறியே, குளத்தைப் பார்த்தியா?"

தூவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். குளம் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. சுற்றிலும் சேறு காய்ந்து வெடித்திருந்தது. நரி கால் நனையாமல் நடந்து வரலாம்!

திடுக்கிட்டு எழும்பப் பார்த்தாள். கொஞ்சம் எழும்பி, தொப்பென்று விழுந்தாள்.

அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! நரிமேல் பாதி, தன்மேல் பாதி. அன்றிலிருந்து அளவாக மேய்ந்தாள். அனல்காற்றுக்கு எதிரே நின்று சிறகை அடித்து அடித்துப் பழகினாள். முதலில் கரை வரை பறந்தாள். பிறகு பனைமரம் வரை.

"எதற்கம்மா உடம்பை வருத்திக்கொள்கிறாய்?" என்று உருகியது நரி.

"கிளம்பத்தான், நரியண்ணா!"

நரியின் முகம் மாறியது. மறுநாள் விடிந்ததும் காய்ந்த சேற்றில் பதுங்கிப் பதுங்கி வந்தது.

"ஓடுடி!" என்று கத்தியது நாமக்கோழி.

"வழியனுப்ப வந்தேன், தங்கச்சி!" என்று வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தது நரி.

தூவி இன்னும் முழுசாகத் தயாராகவில்லை. நாள் பார்க்கவில்லை, காற்றும் பார்க்கவில்லை. ஓடினாள், சிறகை அடித்தாள், எழும்பிவிட்டாள்! நரி வாயில் ஒரு வால் இறகுதான் மிச்சம்.

"தனியாகப் போகிறாயே! வழியெல்லாம் ஆபத்து!" என்று கீழேயிருந்து கத்தியது நரி.

"ஆபத்து இங்கே உட்கார்ந்துகொண்டுதானே என்னைப் புல் தின்னச் சொன்னது!" என்று மேலேயிருந்து கத்தினாள் தூவி.

பறக்கப் பறக்க அவளுக்கு ஒன்று விளங்கியது. நடுவரிசையில் பறந்தவர்கள்தான் வாலைப் பார்த்தவர்கள். அவளோ கடைசி! பின்னால் இடிக்க யாருமில்லை என்பதால், அண்ணன் வாலை விட்டு இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்தே வந்திருந்தாள். ஆறு வளையும் இடம், செம்மண் மேடு, ஒட்டிக்கிடக்கும் இரட்டை ஏரி, எல்லாம் கண்ணில் அப்படியே இருந்தன. களைத்தால் இறங்கினாள், மேய்ந்தாள், தூங்கினாள். சேர்த்து வைத்த கொழுப்பும் கைகொடுத்தது. பனிமலை அடிவாரத்தில் காத்திருந்து, பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும் காற்றைப் பிடித்தாள். மூச்சு முட்டியது, சிறகு விறைத்தது, ஆனாலும் மலையைத் தாண்டிவிட்டாள்!

அந்தத் தேசத்து ஏரியில் அவள் வந்து இறங்கியபோது கூட்டமே கழுத்தை நீட்டிக்கொண்டு அவளைச் சூழ்ந்தது.

"யார் பின்னால் வந்தாய்?" என்று கேட்டார் நெடுங்கழுத்தார்.

"என் அலகுக்குப் பின்னால்!"

அண்ணன் தயங்கித் தயங்கி வந்தான். "தூவி, அன்றைக்கு நான்..."

"அன்றைக்கு நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாயே, அண்ணா, அந்தத் தண்ணீர் வற்றிப் போயிற்று."

நெடுங்கழுத்தார் தொண்டையைச் செருமினார். "சரி சரி, ஏதோ உன் அதிர்ஷ்டம், வந்துவிட்டாய். அடுத்த பயணத்தில் யாராவது ஓர் ஆண் வாத்துக்குப் பின்னால் உனக்கு ஓர் இடம் பார்த்துத் தருகிறேன்."

தூவி கழுத்தை நிமிர்த்தினாள். "நீங்கள் ஒன்றும் தர வேண்டாம், ஐயா! இடம் கிடைக்கட்டும், துணை வரட்டும், முழுசாகத் தயாராகட்டும் என்று காத்திருந்தால் குளம்தான் வற்றும்; போக வேண்டியவள் தன் சிறகை நம்பிக் கிளம்பிவிட வேண்டும்!"