பூலம்மாளின் இரண்டாவது படம்

டாக்டர் அருளப்பன் எக்ஸ்ரே பார்க்கும் மேற்படிப்புக்காக ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் மாணவரானவர். ஆசிரியை டாக்டர் செண்பகவடிவுக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை 'சார்' என்பார். இவர் அவரை 'மேடம்' என்பார்.

அன்று பூலம்மாள் வந்திருந்தாள். டயாலிசிஸில் கிடக்கும் புருஷனுக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க வந்தவள். வேறு யாருடையதும் பொருந்தவில்லை. அவளுக்கோ ரத்தக்கொதிப்பு.

அருளப்பன் அவளுடைய நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார்.

"இதயம் நெஞ்சகலத்துல பாதியைத் தாண்டிருச்சு மேடம். கொதிப்பு பண்ணின வேலை. இவங்ககிட்ட எடுக்க முடியாது. சொல்லிரட்டுமா?"

"விலா எலும்பை எண்ணுங்க சார்."

எண்ணினார். ஏழுதான் தெரிந்தது.

"ஒன்பது, பத்தாவது தெரியணும். மூச்சை முழுசா இழுக்கல. இதயம் இருக்கிறதைவிடப் பெருசாத்தான் தெரியும்."

வாசலில் நின்ற பூலம்மாளுக்குக் காது கூர்மை.

"என்னாலதான் டாக்டரம்மா. படம் எடுக்கையில தாலியைக் கழட்டுன்னாக. அவுக ஊசியும் குழாயுமாக் கெடக்கையில எப்படிக் கழட்ட? 'அப்ப வாயில கடிச்சுக்கோ'ன்னாக. கடிச்சுக்கிட்டு, 'இழு, இழு, புடி, புடி'ன்னா மூச்சு எங்கிட்டு வரும்?"

செண்பகவடிவு அருளப்பன் பக்கம் திரும்பினார்.

"சார், எதிர்க் கடையில ஒரு மஞ்சக் கிழங்கும் கயிறும் வாங்கிட்டு வாங்க."

வெள்ளைக் கோட்டோடு போனார். கடைக்காரர், "குண்டு மஞ்சளா, விரலியா?" என்றார்.

"தாலிக்கு."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுலயா சார்?"

அருளப்பன் விரலி மஞ்சளோடு திரும்பினார்.

பூலம்மாள் அதைக் கயிற்றில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டாள். பிறகே தங்கத்தைக் கழற்றினாள். மஞ்சள் எக்ஸ்ரேயில் விழாது. இந்தத் தடவை வாய் காலியாக இருந்தது. "இழு" என்றதும் தோள் உயர இழுத்தாள்.

இரண்டாவது படத்தில் பத்து எலும்பு தெரிந்தது. இதயம் அப்போதும் பாதியைத் தாண்டித்தான் இருந்தது. எக்கோ ஸ்கேனும் அதையே சொன்னது.

செண்பகவடிவு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிறுநீரகம் எடுக்க முடியாது என்று சொன்னார். பூலம்மாள் அழவில்லை. கழுத்து மஞ்சளைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்:

"இந்தத் தடவை நான் ஒழுங்காத்தான நின்னேன்?"

"நல்லா நின்னீங்கம்மா. மூச்சும் முழுசா இழுத்தீங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, புருஷன் கிடந்த வார்டுப் பக்கம் நடந்தாள்.

அருளப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"மொதப் படமும் இதைத்தானே சொல்லுச்சு மேடம்? அப்பவே சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு பாடு?"

"அப்பவே சொல்லியிருந்தா, ஒழுங்கா நின்னேனான்னு இப்பக் கேட்டாங்களே, அதுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் சார்?"