வசுமதி தலை சாய்த்த இடம்

ஹேமா மேடத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டில் ஒரு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு, அதைச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தார். அந்த நாட்களில் அவருக்குக் கையைத் தூக்குவதே அலுப்பாக இருக்கும். நான் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அதிகம் பேசமாட்டோம்.

பல வருடங்களுக்கு முன்னால் மேடம் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தார். 'ஏழாவது சுற்று' என்று பெயர். ஒரு விண்கலம், அதில் ஆறு பேர், அவர்களுக்குத் தலைவி வசுமதி. விண்கலத்தை வடபழனியில் ஒரு கொட்டகையில் அட்டையாலும் தெர்மோகோலாலும் செய்திருந்தோம். வசுமதியாக நடித்தவள் இந்திராணி. பிற்பாடு என் மனைவி ஆனாள். இப்போது உயிரோடு இல்லை.

அன்று மதியம் ஜெயசீலன் வந்தான். மேடத்திடம் தொழில் கற்றவர்களில் இன்னமும் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். 'குரு' என்று சொன்னால் மேடத்துக்குப் பிடிக்காது. "நான் என்ன மடமா நடத்தறேன்" என்பார். அவன் வந்து சேர்ந்தபோது 'ஏழாவது சுற்று' முடிந்து வெகு நாளாகியிருந்தது. பள்ளிக்கூடப் பையனாக அதைப் பார்த்தவன். இப்போது பெரிய கம்பெனி ஒன்றுக்காக அதே கதையைப் புதிதாக எடுக்கிறான். ஐம்பது வயது தாண்டிவிட்டது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடி ஏறி வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"தலைக்கு டை அடிச்சிருக்கியா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம்."

"முடி நல்லாத்தான் இருக்கு. முகந்தான் அதோட ஒட்டல."

அவன் சிரிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்."

"கேளு. பதில் சொல்லத் தெம்பு இருக்கான்னு பாப்போம்."

"வசுமதி வேஷத்துக்கு ஒரு பொண்ணைப் போட்டேன். மெர்லின்னு பேரு. நாகர்கோவில் பக்கம். மேடை நாடகத்துல இருந்தவ. எப்படியோ அவ போட்டோ வெளிய போயிடுச்சு. ஒரே திட்டு. எங்க வசுமதி எங்கேன்னு கேக்கறாங்க. இந்திராணி அம்மா படத்தையும் இவ படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு..."

என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு. மணிகிட்டயும் போன் இருக்கு. பாத்திருப்பான்" என்றார் மேடம்.

பார்த்திருந்தேன். அதில் எழுதியிருந்தவற்றை இந்திராணி படித்திருந்தால் அந்தப் பெண்ணுக்காக அழுதிருப்பாள்.

"கம்பெனியில இன்னிக்கே முடிவு சொல்லச் சொல்றாங்க" என்றான் ஜெயசீலன். "இவளே இருக்கட்டுமா, மாத்திடலாமான்னு. இப்ப மாத்தினா இவளுக்கு இனிமே யாரும் வேஷம் தரமாட்டாங்க. ஜனங்க வேண்டாம்னு சொன்ன பொண்ணுன்னு ஆயிடும். அது தெரியுது. ஆனா வச்சுக்கறதுக்கும் எனக்குத் தைரியம் வரல. எத்தனையோ பேரைப் பாத்துட்டேன் மேடம். இவதான் கிட்ட வந்தா. அந்த ஒரு இடம் மட்டும் வரமாட்டேங்குது."

"எந்த இடம்?"

"உங்களுக்குத் தெரியாததா. உத்தரவு குடுக்கறதுக்கு முன்னாடி வசுமதி ஒரு நொடி நிப்பாங்க. தலை லேசா சாயும். பார்வை எங்கயோ போகும். அப்புறந்தான் வார்த்தை வரும். அதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. அந்த ஒரு நொடியைப் பாத்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

மேடம் இட்லியைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எங்க?"

"கீழ. கார்ல."

"இந்த வெயில்லயா?"

"ஏசி ஓடுது மேடம்."

"போய்க் கூட்டிட்டு வாடா. அவளைக் கார்ல பூட்டிட்டு வந்து இங்க தீர்ப்பு கேக்கறான்."

அவன் இறங்கிப் போனான். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"உனக்குச் சங்கடமா இருந்தா நீ கிளம்பு மணி."

"இருக்கேன் மேடம்" என்றேன்.

மெர்லின் வந்தாள். கறுப்பு, குள்ளம். இந்திராணி நெடுநெடுவென்று இருப்பாள். இவள் அழுத கண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தாள். நான் யார் என்று ஜெயசீலன் சொல்லிக் கூட்டி வந்திருக்க வேண்டும். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் மேடம்."

"பொய். இந்தா, இதை நீ சாப்பிடு. எனக்கு இறங்கல."

அவள் ஜெயசீலனைப் பார்த்தாள். அவன் எதற்கும் தலையாட்டவில்லை. நின்றபடியே இட்லியைச் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"எந்தக் காட்சி வச்சிருக்க?"

"கதவு மூடுற காட்சி மேடம்."

அந்தத் தொடரைப் பார்த்த எல்லோருக்கும் அந்தக் காட்சி தெரியும். விண்கலத்தில் காற்று கசிந்துகொண்டிருக்கிறது. அதை அடைக்க வெளியே போயிருப்பவன் வசுமதியின் தம்பி. உடனே கதவை மூடாவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சாவார்கள். மூடினால் அவன் சாவான்.

மெர்லின் மூலையில் இருந்த ஃபிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு நொடி. தலை சாய்ந்தது. பார்வை போயிற்று.

"கதவை மூடு. வெளியில் இருப்பவன் என் தம்பி. அதனால்தான் நான் சொல்கிறேன். மூடு."

கழுத்து சாய்ந்த அளவும் கண் போன திசையும் இந்திராணியேதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாத்தீங்களா மேடம்? எல்லாம் இருக்கு. ஆனா இல்ல" என்றான் ஜெயசீலன்.

மேடம் அவனை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்.

"தலையைச் சாய்ச்சியே, அப்ப என்ன கேட்டுது?"

"மேடம்?"

"காதுல என்ன விழுந்துது?"

"ஒண்ணும் விழல்ல மேடம். அவங்க அப்படித்தான செய்வாங்க. அதான் செஞ்சேன். கண்ணாடி முன்ன நின்னு செஞ்சு செஞ்சு கழுத்துதான் பிடிச்சுக்கிட்டு."

மேடம் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. தண்ணீர் கொடுத்தேன். டாக்டர் அளவு சொல்லியிருந்ததால் ஒரு வாய் மட்டும் குடித்தார்.

"சீலா, இந்திராணி என்ன வேலை பாத்தா, தெரியுமா உனக்கு?"

"நடிகை."

"அது ஞாயித்துக்கிழமை. மத்த நாளெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர். வசனம் பாடம் பண்ண அவளுக்கு நேரம் ஏது? பஸ்ல கையில பேப்பரோட ஏறுவா, தூங்கிடுவா. அதனால இவனை உட்கார வச்சேன்."

என்னைக் காட்டினார்.

"அட்டை மெஷினுக்குப் பின்னாடி, கேமராவுல படாம. இவன் ஒரு வரி சொல்லுவான், அவ அதைக் கேட்டுட்டுச் சொல்லுவா. நீயும்தான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்க."

"பிராம்ப்டிங்கா?" என்றான் ஜெயசீலன்.

"அவளுக்கு வலது காது மந்தம். இடது காதைச் சாய்ச்சாத்தான் இவன் சொல்றது விழும். அதாண்டா உன் ஒரு நொடி."

ஜெயசீலன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துவிட்டு அதையே மடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அது நடிப்பே இல்லையா மேடம்? இத்தனை வருஷமா நான் எதைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்?"

அவன் என் பக்கம் திரும்பினான்.

"மணியண்ணே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீ கேக்கல" என்றேன்.

மெர்லின் முதல் முறையாக என்னைப் பார்த்தாள்.

மேடம் தலையணையைச் சரி செய்துகொண்டார். "மணி, இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடு."

"எதை மேடம்?"

"கதவுக் காட்சியை. ஆனா பழைய வசனம் வேண்டாம். அது இவளுக்குத் தூக்கத்துலயும் வரும். நீயா ஏதாவது சொல்லு."

நான் எழுந்திருக்கவில்லை.

பக்கவாதம் வந்த பிறகு இந்திராணிக்கு வார்த்தைகள் போய்விட்டன. டம்ளரைக் காட்டுவாள், பெயர் வராது. நான் மெதுவாக "தண்ணி" என்பேன். அவள் இடது காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு "தண்ணி" என்பாள். ஜன்னல், சோப்பு, மழை, என் பெயர் எல்லாமே அப்படித்தான். ஒருநாள் காலையில் நான் சொன்னேன், அவள் தலை திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுத்ததில்லை.

"முட்டி வலிக்குது மேடம். கீழ உட்கார முடியாது."

"நாற்காலியில உட்காரு. இங்க என்ன கேமராவா இருக்கு?"

நாற்காலியை இழுத்து மெர்லினுக்கு இடது பக்கத்தில் போட்டுக்கொண்டேன். இந்த வேலைக்கென்று ஒரு குரல் உண்டு. கிசுகிசுப்பும் இல்லை, பேச்சும் இல்லை. அதில் உணர்ச்சி கூடாது. உணர்ச்சி அவர்களுடைய வேலை. அந்தக் குரல் இன்னும் இருந்தது.

"கதவை மூடு" என்றேன்.

"கதவை மூடு" என்றாள்.

"காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது."

"காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது."

"வெளியே இருப்பவனுக்குச் சோறு ஊட்டியவள் நான்."

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. தலையும் சாயவில்லை. முழுசாக என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிக் கொடுப்பவனை நடிப்பவர்கள் பார்க்கக் கூடாது. இந்திராணி ஒருநாளும் பார்த்ததில்லை. வரி விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"அவன் பேரு என்ன சார்?" என்றாள்.

"யாரு பேரு?"

"தம்பி பேரு."

"பேரு வைக்கலம்மா. ஸ்கிரிப்ட்ல தம்பின்னுதான் இருந்துது."

"இவ்வளவு பேரு பாத்திருக்காங்க, ஒருத்தரும் கேக்கல்லையா?"

ஒருவரும் கேட்கவில்லை. இந்திராணியும் கேட்டதில்லை. அவளுக்கு அடுத்த வரி வேண்டியிருந்தது, அதைக் கொடுக்க நான் இருந்தேன்.

"நீயே வச்சுக்க" என்றேன்.

அவள் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினாள். அதன் கதவில் கையை வைத்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி, சத்தமில்லாமல், "லே சேவியரு" என்றாள். இன்னும் ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, எங்கேயும் நிற்காமல், நின்றால் சொல்ல வராது என்று பயந்தவள் போல மடமடவென்று சொன்னாள்.

"மூடுங்க. கதவை மூடுங்க. நான் சொல்லுதேன்ல, சீக்கிரம் மூடுங்க."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் நாற்காலியிலேயே இருந்தேன். அவளுக்குக் கொடுக்க என்னிடம் அடுத்த வரி இல்லை. அவளும் கேட்கவில்லை. மேடம் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

ஜெயசீலன் கட்டிலுக்கு நெருங்கி வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேடம், இவ நிக்கவே இல்ல. தலையும் சாயல."

"ஆமா."

"வசுமதியே இல்ல இது. இது வேற யாரோ."

"சரி."

"எனக்கு இது பிடிச்சிருக்கு மேடம். பொய் சொல்லல. ஆனா ஜனங்க அந்த இடம் வர்றப்ப காத்துக்கிட்டு இருப்பாங்க. எங்கேன்னு கேப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

மேடம் கண்ணைத் திறக்கவில்லை.

"இவளுக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்குதுன்னு சொல்லு."

ஜெயசீலன் எழுந்தான். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். "இவளேதான், மாத்தல" என்று அவன் யாரிடமோ சொல்வது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. மெர்லினுக்கும் கேட்டது. அவள் எழுந்து, மேடத்தின் காலில் விலகியிருந்த போர்வையை இழுத்து மூடினாள்.

அந்த வாரமே மேடம் போய்விட்டார்.

பழைய 'ஏழாவது சுற்று' தொடரில் இன்றைக்கு நான்கு பாகங்கள்தான் இருக்கின்றன. மற்ற வீடியோ நாடாக்களின் மேல் மேடம் அந்தக் காலத்திலேயே தன் அடுத்த தொடரைப் பதிந்துவிட்டிருந்தார்.