துண்டு விழாத துறை

செங்காட்டுப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையை மூன்று பேர் நடத்திவந்தார்கள். இயக்குநர் கோதண்டபாணி, பயிற்சியாளர் ஆவுடையப்பன், கணக்கர் சூசைமாணிக்கம். மூவரும் நல்லவர்கள். மேலிடம் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்பவர்கள். சங்கடமே அதுதான்.

அந்தத் துறையில் வருஷா வருஷம் வரவைத் தாண்டிச் செலவு போய்விடும். பந்து வாங்குவார்கள், பந்துக்கு வலை வாங்குவார்கள், வலை நனையாமலிருக்க அதற்கொரு கூரை போடுவார்கள். இந்த வருஷம் நிதி அலுவலர் மங்கையர்க்கரசி அம்மா மூவரையும் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“பெண்கள் கபடிக் குழு போட்டிக்குப் போகணுமா, வேண்டாமா? இந்தத் தடவையும் துண்டு விழுந்தா ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். துண்டு விழாம பார்த்துக்கிறது உங்க மூணு பேர் பொறுப்பு.”

மூவரும் முகம் வெளுத்து வெளியே வந்தார்கள்.

“போன மீட்டிங்ல என் தோள்லேருந்து துண்டு விழுந்துச்சே, அம்மா கவனிச்சுட்டாங்க போலிருக்கு,” என்றார் கோதண்டபாணி.

“நான்தானே சார் எடுத்துக் கொடுத்தேன். யாரும் பாக்கலைன்னு நெனச்சேன்,” என்று வருந்தினார் ஆவுடையப்பன்.

சூசைமாணிக்கம் தயங்கினார். “எனக்குத் துண்டு போடுற பழக்கமே இல்லையே சார்.”

“துண்டே இல்லாம அது விழாம எப்படிய்யா பார்த்துக்குவே? போய் ஒண்ணு வாங்கிட்டு வா.”

வாங்கிவந்தார். பிறகு ஆலோசனை நடந்தது.

“ஊக்கு குத்திடலாமா சார்?”

“ஊக்கே விழுந்துட்டா? கையால பிடிச்சுக்கிறதுதான் நல்லது.”

“தும்மல் வந்தா விட்டுடுவோமே,” என்றார் ஆவுடையப்பன். “தும்முறவன் துண்டை அடுத்தவன் பிடிச்சிருக்கணும்.”

இதிலிருந்த நியாயத்தை மற்ற இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து இயக்குநர் துண்டைப் பயிற்சியாளரும், பயிற்சியாளர் துண்டைக் கணக்கரும், கணக்கர் துண்டை இயக்குநரும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். வட்டமாகவே அலுவலகத்துக்கு வந்தார்கள், வட்டமாகவே மைதானத்தைச் சுற்றினார்கள். கதவு குறுக்கிட்டால் யார் பின்னோக்கி நடந்து நுழைவது என்று சற்றுநேரம் பேச்சு நடக்கும். மத்தியானம் கபடிப் பெண்கள்தான் சோறு ஊட்டிவிட்டார்கள்.

“சார், எங்களுக்கு எப்போ பயிற்சி?” என்று கேட்டாள் குழுத் தலைவி செண்பகவல்லி.

“உங்களுக்காகத்தாம்மா இப்படி நிக்கிறோம்,” என்றார் ஆவுடையப்பன், கண் கலங்கி. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

பந்து விற்பவர் வந்து விலைச்சீட்டை நீட்டினார். கூரை போடுபவர் வந்து அளவு கேட்டார். கையெழுத்துப் போடக் கை ஏது? வந்தவர்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

வருஷக் கடைசியில் கணக்கைப் பார்த்த மங்கையர்க்கரசி அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பணம் மிச்சமாகியிருந்தது! நேரிலேயே வந்துவிட்டார்.

“எப்படி சார் சமாளிச்சீங்க?”

“நீங்களே பாருங்கம்மா,” என்றார் கோதண்டபாணி பெருமையோடு. “ஒரு துண்டுகூட விழலை.”

அம்மா மூன்று துண்டுகளையும் பார்த்தார், மூன்று முகங்களையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மிச்சமான பணத்தை நினைத்து அடக்கிக்கொண்டார்.

“கையை எடுங்க, போதும். பஸ்ஸுக்கு நானே சொல்லிடறேன். பொண்ணுங்க சாப்பாட்டுக்கு மட்டும் தலைக்கு முந்நூறு ரூபாய் வச்சுக் கொடுத்துடுங்க.”

அன்று மாலையே பெண்களை மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொரு தலையிலும் நோட்டுகளை வைத்தார்கள்.

“கையில கொடுங்க சார்,” என்றாள் செண்பகவல்லி.

“கைக்கு எவ்வளவுன்னு அம்மா சொல்லலையே!”

அதற்குள் மேலக்காற்று வீசியது. நோட்டுகள் பறந்தன. பெண்கள் பாய்ந்தார்கள், மண்ணில் புரண்டார்கள், ஒன்றுவிடாமல் அமுக்கிப் பிடித்தார்கள். ஆவுடையப்பன் விடுவாரா? மறுபடி தலையில் வைத்தார். காற்றும் விடவில்லை. பொழுது சாயும்வரை இதுவே நடந்தது. அந்த வருஷம் குழுவுக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அதுதான். அது போதுமானதாக இருந்தது. போட்டியில் இவர்கள் கைக்குச் சிக்கிய எவரும் கோடு தாண்டித் திரும்பவில்லை. கோப்பையோடு ஊர் வந்தார்கள்.

மங்கையர்க்கரசி அம்மா போனில் வாழ்த்தினார். “அது சுழற்கோப்பை சார். அடுத்த வருஷம் வரைக்கும் நம்மகிட்டதான் இருக்கும். பத்திரம்.”

மூவரும் கோப்பையை மேஜைமேல் வைத்து உற்றுப் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

“சுழலவே இல்லையே சார்,” என்றார் சூசைமாணிக்கம்.

“ரிப்பேர் கோப்பையை நம்ம தலையில கட்டிட்டாங்க,” என்றார் ஆவுடையப்பன்.

“மெதுவாப் பேசு. நாம நிறுத்திட்டோம்னு பழி வந்துடும்,” என்று கோதண்டபாணி அதைக் கையாலேயே சுற்றத் தொடங்கினார். அவருக்குக் கை வலித்ததும் அடுத்தவர் சுற்றினார், அவருக்குப் பின் மற்றவர். கடைசியில் சூசைமாணிக்கம் நிமிர்ந்து மேலே பார்த்தார். அவர் பார்த்த இடத்தை மற்ற இருவரும் பார்த்தார்கள்.

ஏணி வந்தது, கயிறு வந்தது. கோப்பையை மின்விசிறியில் கட்டிவிட்டு ஆவுடையப்பன் ஸ்விட்சைப் போட்டார்.

“ஒண்ணுலயே வைய்யா,” என்றார் கோதண்டபாணி. “ஒரு வருஷம் சுத்தணும். வேகமா வச்சா பாவம், கோப்பைக்கு மயக்கம் வந்துடும்.”